லைன் கிளியர் யார் கொடுத்தது?

தஞ்சாவூரில் இருந்துகொண்டு சிற்றுரு ரயிலைப் பார்ப்பதற்குப் புனே வரை போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மற்றொரு வேலையாகப் போன இடத்தில் அரை நாள் மிச்சப்பட்டது. உடன் வந்திருந்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். மெயின் லைன் மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் கும்பகோணம் பக்கத்துச் சிறு நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; இன்றும் தெருவில் அவருக்குப் பெயர் 'மாஸ்டர் சார்'தான். ரயில் என்ற சொல் காதில் விழுந்தால் அவர் வராமல் இருக்கமாட்டார். ஆகவே இருவருமாகக் கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

இதைக் கண்டவர் எவரும் வாயாரப் புகழாமல் திரும்புவதில்லை. நானும் முதலில் புகழ்ந்துவிடுகிறேன். பாவூசாகேப் ஜோஷி என்பவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இது. 1980-களில் புனே மக்களுக்காகப் பொதுக் கண்காட்சிகள் நடத்தினார். ஒவ்வொரு முறையும் கட்டுவதும் பிரிப்பதும் பெரும்பாடாக இருக்கவே, நிலையான ஓர் அமைப்பை உருவாக்கி 1998 ஏப்ரல் 1-ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்தார். ஒரு பெரிய மேசை முழுவதும் ஊர். நிலையங்கள், மேம்பாலங்கள், சர்க்கஸ் கூடாரம், நீச்சல்குளம், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு, மேலே தொங்கியபடி ஓடும் ரயில், புகை விடும் நீராவி எஞ்சின், அதிவேக வண்டி. அரங்கின் விளக்குகளைக் குறைத்ததும் ஊர் முழுவதும் இரவாகி, ஊசிமுனை அளவு விளக்குகள் எரியத் தொடங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் 'ஆ' என்பார்கள். நீங்களும் சொல்வீர்கள்.

காட்சி முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் சாரும் தட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "எல்லாம் சரி தம்பி, அந்தப் பச்சை வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போச்சே, அதுக்கு லைன் கிளியர் யாரு குடுத்தா?" என்றார்.

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அந்தக் கேள்விதான். சிற்றுரு ரயில் காட்சிகள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மேசைக்கு அடியில் மறைத்துவிடுகின்றன என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

'லைன் கிளியர்' என்பது என்ன? ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. திட்டை, பசுபதிகோயில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிற்கும் நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை ஸ்டேஷன் மாஸ்டரின் நினைவாற்றலுக்கு விட்டுவிட முடியுமா? தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டால்? ஆகவே ஒரு கருவி கண்டார்கள். நீல் என்பவரின் பெயரால் வழங்கும் உருண்டை டோக்கன் கருவி நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டையும் இணைக்கும் கம்பி. கருவியின் வயிற்றில் கையில் அடங்கும் உலோக உருண்டைகள் இருக்கும். திட்டை மாஸ்டர் ஓர் உருண்டையை எடுக்கவேண்டுமானால், மணி அடித்துக் கேட்டு, பசுபதிகோயில் மாஸ்டர் அங்கிருந்து சம்மதம் கொடுக்கவேண்டும். அவர் சம்மதித்தால்தான் இவர் கருவியின் பூட்டு விடும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஒரு கருவிக்குள் மறுபடி விழும்வரை இரு முனைகளிலும் இன்னோர் உருண்டை வராது. தலைகீழாக நின்றாலும் வராது.

அந்த உருண்டைதான் டிரைவருக்கு அனுமதிச் சீட்டு. பைக்குள் போட்டு, வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் வண்டியாக இருந்தால் ஓடும்போதே கைமாற்றுவார்கள். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு விபத்தாக முடியாதபடி மின்காந்தத்தையும் பூட்டையும் வைத்து அமைத்த ஏற்பாடு இது. இன்னொரு நுட்பமும் உண்டு. அடுத்தடுத்த பிரிவுகளின் உருண்டைகள் வெவ்வேறு வடிவ வெட்டு உடையவை. ஒரு பிரிவின் உருண்டையை மறதியாக அடுத்த பிரிவின் கருவியில் திணிக்கப் பார்த்தால் அது நுழையாது.

சிற்றுரு ரயில் காட்சியில் வண்டிகள் மோதிக்கொள்வதில்லை. ஆகவே ஏதோ ஓர் ஏற்பாடு அங்கும் இருக்கத்தான் வேண்டும். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, முன் துண்டில் வண்டி இருந்தால் பின் துண்டுக்கு மின்னோட்டம் போகாமல் செய்வது வழக்கம். புனேயிலும் எல்லாம் தானியங்கி முறையில் நடக்கிறது. ஆனால் காட்சியைப் பார்ப்பவர் கண்ணுக்கு எட்டுவது வண்டி நகர்வதும் விளக்கு நிறம் மாறுவதும்தான். எதனால் மாறியது, யார் யாரைக் கேட்டார்கள் என்பதெல்லாம் மேசைக்கு அடியில் கம்பிகளாகத் தங்கிவிடுகின்றன. இது புனேயின் குறை மட்டும் அன்று. 2001-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் திறந்த 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' உலகிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. அதற்கும் இது பொருந்தும். சிற்றுரு ரயில் என்றாலே ஊரை அழகாகக் காட்டுவது என்று ஒரு மரபு ஏற்பட்டுவிட்டது.

இனி, அளவு. புனேயிலும் ஹாம்பர்க்கிலும் உள்ளவை 'எச்.ஓ.' என்ற அளவைச் சேர்ந்தவை. 'ஓ' என்ற பழைய அளவில் ஏறக்குறைய பாதி என்பதால் இந்தப் பெயர். உண்மையில் 87 மீட்டர் உள்ளது இங்கு 1 மீட்டர் ஆகிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் மாணவர்களுக்கு நல்ல வேட்டை இருக்கிறது.

நம் பொன்மலை டீசல் ஷெட்டில் பல்லாண்டுகள் இருந்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 17 மீட்டர், எடை 112.8 டன். 87-இல் ஒரு பங்காக்கினால் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். எடை? அதையும் 87-ஆல் வகுத்து 'ஒன்றேகால் டன்' என்று எழுதிவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றன; ஆகவே 87-ஐ மூன்று முறை பெருக்கிய 6,58,503 என்ற எண்ணால் வகுக்கவேண்டும். வருவது 171 கிராம். ஒரு தம்ளர் தண்ணீரின் எடை! இவ்வளவு இலேசான எஞ்சினின் சக்கரங்கள் பிடிப்பில்லாமல் வழுக்கும் என்பதால், மாதிரி செய்பவர்கள் உள்ளே உலோகத் துண்டுகளை வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். அளவு பிசகாத மாதிரி என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது எடையில் பிசகித்தான் ஓடுகிறது.

பாலங்களுக்கும் இதே கதி. எடை மும்மடிப் பெருக்கமாகக் குறையும்போது, அதைத் தாங்கும் தூணின் குறுக்குப் பரப்பு இருமடிப் பெருக்கமாகத்தான் குறைகிறது. ஆகவே மாதிரிப் பாலத்தின் தூணில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் விழும் பாரம், உண்மையில் விழுவதில் 87-இல் ஒரு பங்கே. அட்டையில் ஒட்டிய பாலம்கூட நிற்கும். பொறியாளரின் கவலை எதுவும் மாதிரிக்கு இல்லை.

வேகத்துக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் நொடிக்கு 32 சென்டிமீட்டர்; சாதாரண நடையைவிட மெதுவானது. அந்த வேகத்தில் விட்டால் பார்ப்பவர்களுக்கு அலுப்பு தட்டும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால்தான் கைதட்டுவார்கள். அது எவ்வளவு தெரியுமா? மணிக்கு 313 கிலோமீட்டர். நீங்கள் எந்தச் சிற்றுரு ரயில் காட்சிக்குப் போனாலும், தெரிந்த நீளத்தை எஞ்சின் எத்தனை நொடியில் கடக்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். புகை விடும் கிழட்டு நீராவி எஞ்சின்கூடப் பல இடங்களில் புல்லட் ரயிலோடு போட்டி போடும்.

இதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பயணி வண்டி, பிரேக் போட்டபின் நிற்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு குறைவு. இழுப்பதற்குச் சிக்கனமான அதே குணம் நிறுத்தும்போது எதிரியாகிறது. அதனால்தான் நிலையத்து முதல் கைகாட்டிக்கும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் முன்பாகவே இன்னொரு கைகாட்டியை நட்டு, 'முன்னே தடை இருக்கலாம், இப்போதே தயாராகு' என்று டிரைவருக்குச் சொல்கிறார்கள். மாதிரியில் இந்தத் தூரம் பதினொன்றரை மீட்டர் ஆகவேண்டும். ஆனால் அங்கே வண்டி மின்னோட்டம் நின்ற மறுகணம் ஒரு சாணுக்குள் நின்றுவிடுகிறது. பார்க்கிற சிறுவனுக்கு, ரயில் நினைத்த இடத்தில் நிற்கும் என்றே மனத்தில் பதியும். லெவல் கிராசிங்கில் கதவுக்கு அடியில் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் மனத்திலும் இதே எண்ணம்தான் இருக்கிறது.

வளைவுகளும் அப்படியே. நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது 2 மீட்டர் ஆகவேண்டும். மேசையில் இடம் போதாது. அரை மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வளைத்துவிடுகிறார்கள். போகட்டும், இடநெருக்கடியை மன்னித்துவிடலாம்.

ஆனால் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தைப் பற்றிய செய்தியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெரும்பாலான மாதிரிகளில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. சக்கரங்கள் வழியே மின்னோட்டம் மோட்டாருக்குப் போகிறது. இடச்சக்கரமும் வலச்சக்கரமும் ஒன்றையொன்று மின்னால் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு எல்லாம் நின்றுவிடும். ஆகவே நடுவில் மின்கடத்தாப் பொருள் வைத்துப் பிரிக்கிறார்கள். உண்மை ரயிலில் நேர் எதிர்! இரு சக்கரங்களும் ஒரே எஃகு அச்சில் இறுகியிருக்கின்றன. இருப்புப்பாதைத் துண்டின் ஒரு கோடியில் மெல்லிய மின்னோட்டத்தைத் தண்டவாளங்களில் அனுப்பி, மறுகோடியில் ஒரு ரிலேயை வைத்திருப்பார்கள். வண்டி வந்ததும் அதன் அச்சே இரு தண்டவாளங்களையும் இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்க, ரிலே சோர்ந்து விழ, விளக்கு சிவப்பாகிறது. தண்டவாளம் உடைந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் அதே ரிலே விழும். அதே சிவப்பு எரியும். பழுது எதுவானாலும் வண்டியை நிறுத்தும் பக்கமாகவே சாய்கிற இந்த ஏற்பாட்டை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-இல் கண்டார். மாதிரியில் வண்டியை நிறுத்திக் கெடுக்கும் குறுக்குச்சுற்றுதான் உண்மையில் உயிர் காக்கிறது. ஒரே ஒரு மேசை ஓரத்தில் இதைப் பார்வையாளர் கையாலேயே செய்து பார்க்க வைத்திருக்கலாம். ஒரு மின்கலம், ஒரு ரிலே, இரண்டு விளக்கு போதும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமை ஒன்று. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862-இல் அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் வந்த பாதை அகலப் பாதை. 1870-களில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். மறுபடி 1990-களிலிருந்து பகுதி பகுதியாக அகலமாக்கி, 2010-இல் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதியும் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. ஒரே மண்மேட்டின் மீது பாதை அகலம், குறுக்கம், மறுபடி அகலம் என்று மாறிய கதை இது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவுடைமையாளர்களிடம் தனி வரி தண்டி, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தனக்கென்று பாதை போட்டு 1894-இல் வண்டி விட்டது. இதையெல்லாம் கடையில் வாங்கிய எச்.ஓ. தண்டவாளத்தில் காட்டவே முடியாது. அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அளவெடுத்துச் செய்தது. நம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு 19.3 மில்லிமீட்டர் வேண்டும். மீட்டர் கேஜுக்கு 11.5. நம் நாட்டு எஞ்சின் உருவத்தை அந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால், இரவல் செருப்பில் நடப்பவரைப் போல்தான் அது நிற்கும்.

சரி, நம் பக்கத்து அருங்காட்சியகங்களில் என்ன நிலை? திருச்சிராப்பள்ளியில் 2014-இல் ரயில்வே பாரம்பரிய மையம் திறந்தார்கள். சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் வட்டார ரயில் அருங்காட்சியகம் 2002-இலிருந்து இருக்கிறது. இவை உண்மைப் பொருள்களின் வீடுகள். பழைய எஞ்சினை அங்கே தொட்டுப் பார்க்கலாம். அதன் பாரம் உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். 171 கிராம் பொய் அங்கே எடுபடாது. ஆனால் நம் நாட்டு ரயில் அருங்காட்சியகங்களில் டோக்கன் கருவி, மணி, விளக்கு என்று அடுக்கிவைத்திருப்பவை பெரும்பாலும் ஊமைகள். பெயர்ச்சீட்டு இருக்கும், வேலை இருக்காது. கருவியை ஒற்றையாக வைத்தால் அது வெறும் இரும்புப் பெட்டி. இரண்டாக வைத்தால்தான் அது கேட்கவும் பதில் சொல்லவும் முடியும். ஓரிடத்தில் பொய்யான பொருள் உயிரோடு ஓடுகிறது. மற்றோரிடத்தில் உண்மைப் பொருள் உயிரில்லாமல் நிற்கிறது.

இரண்டையும் சேர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயர்–யார்க்ஷயர் ரயில்வே கம்பெனி 1912-இல் மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில் சிக்னல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சிற்றுருப் பாதை அமைத்தது. அதில் மலையும் இல்லை, சர்க்கஸும் இல்லை. பாதைகள், பாயிண்டுகள், கைகாட்டிகள், அவற்றை இயக்கும் கருவிகள், அவ்வளவுதான். பல தலைமுறைச் சிக்னல்காரர்கள் அதில் தவறு செய்து கற்றார்கள். இன்று அது யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தின் சொத்து. நம் ரயில்வே பயிற்சிப் பள்ளிகளிலும் 'மாடல் ரூம்' என்றோர் அறை உண்டு. மாஸ்டர் சாரும் அத்தகைய அறையில் படித்துத் தேறியவரே. பொதுமக்கள் மட்டும் உள்ளே போனதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946-இல் தொடங்கிய சிற்றுரு ரயில் சங்கத்தில், ஊரை அழகுபடுத்தும் கூட்டம் ஒன்று, மேசைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களை வைத்துச் சிக்னல் சுற்றுகளைக் கட்டும் கூட்டம் ஒன்று என்று இரண்டு இருந்தன. அடியில் படுத்துக் கிடந்த இரண்டாவது கூட்டத்திலிருந்துதான் பின்னால் கணிப்பொறி நிரல்களில் பேர் போன பலர் கிளம்பினார்கள்.

தஞ்சாவூரில் ஒன்று அமைத்தால் எப்படி இருக்கும் என்று திரும்பும் வழியில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தோம். கும்பகோணம் வரை சுமார் 39 கிலோமீட்டர்; எச்.ஓ. அளவில் 448 மீட்டர். நடக்கிற காரியம் இல்லை. தஞ்சாவூர், திட்டை, பசுபதிகோயில் என்று மூன்று நிலையங்களை எடுத்துக்கொண்டு நடுவழியைச் சுருக்கவேண்டியதுதான். பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 60 மீட்டர்; மேசையில் 70 சென்டிமீட்டர் நிற்கும். ஒரு மீட்டர் வளர்ந்த பயிர் ஒரு சென்டிமீட்டர்ப் பச்சை விரிப்பு. தவறி உண்மையான நெல்மணி ஒன்று விழுந்தால், அந்த ஊர்க்காரர்களுக்கு அது இரண்டடி நீளத்துக்கு மேல் கிடக்கும்! மலையும் குகையும் வேண்டாம், நம்மிடம் இல்லை. காவிரி கிளை கிளையாகப் பிரிந்து கிழக்கே போகும் சமவெளியில் இருப்புப்பாதை போட்டவர்களுக்குக் கவலை தண்ணீர்தான். ஆகவே மேட்டின் உயரம், பாலங்கள், மதகுகள் ஆகியவற்றைச் சரியாகக் காட்டவேண்டும்.

மாஸ்டர் சாருக்கு இவை எதிலும் அக்கறை இல்லை. "கோயில் வேணாம், வயல் வேணாம். ரெண்டு டோக்கன் பெட்டி, ரெண்டு மணி, நடுவுல கம்பி. ஒரு பையன் இந்தப் பக்கம், ஒரு பையன் அந்தப் பக்கம். வண்டிகூட அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். ஊருக்கு வந்தபின், வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய நோட்டைப் பிரித்து, மணிக்கு எத்தனை அடி, எந்த அடிக்கு எது பதில் என்று நினைவிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார். அவரோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் நாலைந்து பேர் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். நினைவு பிசகும் இடங்களை அவர்களிடம் கேட்டு நிரப்பவேண்டும். சென்ற வாரம் பார்த்தபோது ஆறாவது பக்கம் வந்திருந்தார்.